அரசுச் சொத்தில் ஒரு கீறல்

அந்தப் பொன்னாடையை நான் இன்னும் துவைக்கவில்லை. நான் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் போர்த்தியது. பச்சை நிறம், ஓரத்தில் சரிகை என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒரு பளபளப்பு. அதன் நடுவில் இப்போது ஒரு பெரிய அழுக்குத் திட்டு இருக்கிறது. புழுதியும் காக்கை எச்சமும் புங்கம்பூத் தூளும் சேர்ந்து அப்பிய திட்டு. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பொன்னாடையைப் போட்டுக்கொண்டு எங்கே போய்ப் புரண்டாய் என்று கேட்டார். காரைத் துடைத்தேன் என்றேன். நம் கார் வீட்டு வாசலில்தானே நின்றது என்றார். நம் காரை இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுகை வந்திருக்கும், இல்லையென்றால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். இரண்டில் எது முந்தும் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அழுக்கு ஒருவருக்காகப் பட்டது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை டிரைவர் அண்ணாச்சி என்போம். பாளையங்கோட்டையில் இருக்கிற, குடிநீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் அரசு அலுவலகம் அது. நான் அங்கே உதவியாளராக இருந்தேன், அவர் அதிகாரியின் வண்டியை ஓட்டினார். அவரைப் புனிதராக்கிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் புனிதர் இல்லை. காக்கிச் சட்டையின் கை மடிப்பு கத்திபோல நிற்க வேண்டும், மீசைக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும், அரசாங்கம் கொடுத்த வண்டியை 'என் வண்டி' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் வண்டியை மரநிழலில் போட்டுவிட்டு இருக்கையைச் சாய்த்துத் தூங்குவார். எழுப்பினால் எழுப்பியவருக்கு அன்று முழுக்க வசவு. எழுத்தர்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் உடம்பு வளர்ப்பவர்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து.

தண்ணீர் விஷயத்தில் அவரோடு எனக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அவர் சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரைக்காரர். தாமிரபரணியில் தவழ்ந்து வளர்ந்தவருக்குத் தண்ணீர் என்பது காற்றுமாதிரி, எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலுவலக ஜீப்பை ஆற்றில் இறக்கி, சக்கரம் முழுகுகிற ஆழத்தில் நிறுத்தி, வாளி வாளியாக மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டுவார். ஒருமுறை சபையில் ஆராதனை முடிந்து உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் நானே அதைப் பார்த்தேன். வண்டிக்குக் கீழேயிருந்து எண்ணெய்ப் படலம் வண்ணம் வண்ணமாய் மிதந்து, பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்த படித்துறைப் பக்கம் போனது. மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். குடிதண்ணீர் கொடுக்கிற அலுவலகத்து வண்டி ஆற்றில் எண்ணெயைக் கலக்கலாமா என்று. அவர் பல்குத்திக்கொண்டே சொன்னார்: "ஏ பிள்ள, ஆறு ஒங்க அலுவலகத்து ரிக்கார்டா, ரூமுக்குள்ள வச்சிப் பூட்டுததுக்கு? ஓடுத தண்ணி. எல்லாத்தையும் அதுவா கொண்டு போயிரும்." அதன்பிறகு ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாது.

அப்போதைய அதிகாரியும் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். விடுப்பு கேட்டால் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுவார். பெண் ஊழியர்களை மரியாதையாக நடத்துவார். ஆனால் வெளித்தோற்றத்தில் ஒரு பித்து. சட்டையில் மைப்புள்ளி இருந்தால் அன்றைக்கு ஆய்வுக்கே போக மாட்டார். அரசு வண்டிகள் எல்லாம் வெள்ளையில் வரும்போது, யார் யாரையோ பிடித்து, கறுப்புக் கார் ஒன்றை வரவழைத்தார். கறுப்பில்தான் கம்பீரம் இருக்கிறதாம். ஆடி மாதம் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் கண்ணைத் திறக்க முடியாத ஊரில், யாராவது கறுப்புக் கார் வாங்குவார்களா? காலையில் கழுவினால் பத்து மணிக்குள் மாவு சலித்ததுபோல் தூசி படிந்துவிடும். அண்ணாச்சிக்கும் அந்தக் கார்மேல் கொள்ளை ஆசைதான். அதிகாரி ஒரு பங்கு பித்து என்றால் இவர் இரண்டு பங்கு. ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் புதுக்கார் கிடைத்ததே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உவரிக்கு மேற்கே, தேரிக்காட்டை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கிற எங்கள் திட்டத்தின் கடைசி ஊர் அது. குழாய் இருந்தது, தொட்டி இருந்தது, பலகை இருந்தது. தண்ணீர்தான் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அந்தத் திட்டத்தைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. கோப்புகளோடு நானும் எங்கள் அதிகாரியோடு முன்கூட்டியே போனேன். வழியில் சாலை போடுகிறேன் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். தேரி மணலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குங்குமம்போலச் சிவந்த, விரல் இடுக்கில் நிற்காத பொடி மணல். ஊர் போய்ச் சேர்ந்தபோது கறுப்புக் கார் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. முழுக்கச் சிவப்பாகி நின்றது.

அதிகாரி இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. மேலதிகாரி வர இன்னும் நேரம் இருந்தது. வண்டியை உடனே கழுவச் சொன்னார். எங்கே கழுவுவது? அந்த ஊரில் குளம் வறண்டு கிடந்தது, கிணற்றில் உப்பு. தெருக்குழாய் ஒன்றில்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதுவும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பெரிய அதிகாரி வருகிறார் என்பதற்காக, முந்தின நாளே நடுவில் இருக்கிற ஊர்களின் வால்வையெல்லாம் அடைத்து, அன்றைக்கு மட்டும் அந்தக் கடைசி ஊருக்குத் தண்ணீரைத் தள்ளியிருந்தார்கள். பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. இன்றைக்கு விட்டால் மறுபடி என்றைக்கோ என்று, வீட்டில் இருந்த குடம், வாளி, சோற்றுப்பானை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற வட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து வரிசை போட்டிருந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் அதிகாரி, அங்கே நாலைந்து குடம் வாங்கிக் கழுவிவிடு என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்கப் போனார். கூட வந்த ஊர்ப் பிரமுகர் ஒருவர் குழாயடியைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள். நடுத்தர வயது, கறுத்து மெலிந்த உடம்பு, இடுப்பில் பச்சைப் பிளாஸ்டிக் குடம். நிரம்பித் தளும்பிய குடத்தை, ஒரு சொட்டும் சிந்தாமல் காரின் பக்கத்தில் இறக்கி வைத்தாள். திட்டவில்லை, முறைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டாள்: "இது பத்துமா அண்ணாச்சி, இன்னொரு கொடம் கொண்டாரவா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கேட்ட தோரணையில் ஒரு குத்தலும் இல்லை. விருந்தாளிக்குச் சாதம் போடும்போது போதுமா என்று கேட்போமே, அப்படிக் கேட்டாள். அண்ணாச்சி அந்தக் குடத்தைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். எத்தனையோ தடவை இதுபோன்ற ஊர்களுக்கு வந்தவர்தான். ஆனால் எப்போதும் மரநிழலில் தூங்கியிருக்கிறார். குழாயடியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். குனிந்து குடத்தை அவரே தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்.

"வண்டிக்குத் தண்ணி ஆவாது, தாயி. நீ கொண்டு போ."

ஆற்றில் இறக்கி ஜீப்பைக் குளிப்பாட்டியவர் சொன்ன பொய் அது. அவருடைய வாயிலிருந்து வந்ததில் அதைவிட நல்ல சொல் எதையும் நான் கேட்டதில்லை. அந்தப் பெண் நம்பினாளா என்று தெரியாது. ஆனால் வாங்கிக்கொண்டு வேகமாகப் போனாள், அவர் மனசு மாறிவிடக் கூடாதே என்பதுபோல. பின்னால் வந்துகொண்டிருந்த பெண்களும் அவளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஊர்ப் பிரமுகர் என்ன இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். புது மாடல் வண்டி, தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் கெட்டுவிடும் என்று அண்ணாச்சி கூசாமல் இன்னொரு பொய்யும் சொன்னார். அவரும் அப்படியா என்று காரைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் அவருக்கு வினையாக முடிந்தது. தோளில் கிடந்த துண்டை உதறி, பானெட்டில் ஓங்கி ஓங்கி அடித்தார். மேலாகக் கிடந்த மணல் பறந்தது. மிச்சத்தைத் துண்டைச் சுருட்டி அழுத்தித் தேய்த்தார். நடு வெயில், கொதிக்கிற தகடு, காய்ந்த துண்டு. வட்டம் வட்டமாகத் தேய்த்தார். துண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மணல் நறநறவென்று அரைபடுகிற சத்தம், பத்தடி தள்ளி நின்ற எனக்கே பல்லைக் கூசவைத்தது. அவருக்குக் கேட்காமலா இருக்கும்? ஆசை ஆசையாய்ப் பார்த்துக்கொண்ட கார். ஒருதரம் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதே துண்டால் துடைத்ததால் முகமும் சிவப்பாகிவிட்டது. நான் போதும் அண்ணாச்சி என்றேன். "நீ போய் பைலப் பாரு பிள்ள" என்று திரும்பாமலே சொன்னார்.

காரைக் கழுவாமல் சுத்தம் பண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இன்று எனக்கு அது தெரியும். சொந்தக் கார் வந்தபிறகு கற்றுக்கொண்டேன். வண்டி நிழலில் நின்று சூடு ஆறியிருக்க வேண்டும். முதலில் நீள மயிர் வைத்த மெத்தென்ற துடைப்பானால், அழுத்தாமல், தூசியை வருடிவிட வேண்டும். எச்சம் காய்ந்திருந்தால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் அதன்மேல் போட்டு ஊறவைக்க வேண்டும், சுரண்டவே கூடாது. பிறகு அதற்கென்று விற்கிற திரவத்தை ஒரு பகுதியில் தெளித்து, அழுக்கு இளகக் கொஞ்சம் பொறுத்து, நாலாக மடித்த பஞ்சுபோன்ற துணியால் ஒரே திசையில் நேராக இழுக்க வேண்டும். ஓர் இழுப்புக்கு ஒரு பக்கம், அடுத்த இழுப்புக்குத் துணியின் புதுப் பக்கம். கூரையில் தொடங்கி, மண் அதிகம் இருக்கும் கதவின் அடிப்பகுதிக்குக் கடைசியில் வர வேண்டும். தூசியைத் தேய்க்கக் கூடாது, தூக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இவையெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிப் பழகியவருக்கு எப்படித் தெரியும்? செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிற ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் செய்தார்.

முதலில் பார்க்கும்போது கார் பளிச்சென்றுதான் இருந்தது. மேலதிகாரி வந்து, தொட்டியைப் பார்த்து, குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து மகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சாய்ந்த வெயில் பானெட்டில் விழுந்ததும் எல்லாம் தெரிந்தது. தேங்காய் நாரால் தேய்த்த ஈயப் பாத்திரம்போல வட்ட வட்டமாய்க் கீறல், கறுப்பெல்லாம் வெளிறி. மேலதிகாரி சிரித்துக்கொண்டே, காரைச் சாம்பல் போட்டு விளக்கினீர்களா என்று எங்கள் அதிகாரியிடம் கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அவருக்கு அது போகிற போக்கில் ஒரு வேடிக்கை. எங்கள் அதிகாரியின் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. அதிகாரியின் உத்தரவை மீறியது, பொதுமக்கள் முன்னிலையில் அலுவலகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியது, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியது. சங்கத்துக்காரர்கள் அண்ணாச்சியிடம் வந்து, இது ஒன்றுமில்லை, அதிகாரி கோபத்தில் கொடுத்தது, ஓய்வு பெறப் போகிற நேரத்தில் வம்பு எதற்கு, மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். உண்மையும் அதுதான். நானும் போய்ச் சொன்னேன். கீறலுக்கு மன்னிப்புக் கேளுங்கள் அண்ணாச்சி, கீறல் போட்டது நிஜம்தானே என்றேன். அவர் கையிலிருந்த தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"கீறலுக்குக் கேக்கச் சொன்னா கேட்டுருவேன் பிள்ள. இவ்வொ அதுக்கா கேக்காவ? தண்ணிய ஊத்தாததுக்குல்லா கேக்கச் சொல்லுதாவ."

அவர் எழுதிக் கொடுத்த பதிலில், கீறல் விழுந்ததற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றியும் இல்லை. எழுதியிருந்தால் ஒருவேளை யாராவது இரங்கியிருப்பார்கள். இரக்கப்பட்டேன் என்று எழுதி அதைக் காட்டித் தப்பிக்க அவருக்கு மனமில்லை. மீசைக்காரருக்கு அப்படி ஒரு வீம்பு.

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு பயம் தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வராத பயம், ஓய்வு பெறுகிற கடைசி நாளில் வரும். அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஒரு காகிதம் வந்துவிட்டால் அவ்வளவுதான். பணியிடை நீக்கம் என்பார்கள். ஓய்வு பெற அனுமதி இல்லை, விசாரணை முடியும்வரை பணியிலேயே வைத்துக்கொள்ளப்படுகிறார் என்பார்கள். வேலையும் கிடையாது, ஓய்வும் கிடையாது. எத்தனையோ காலம் உழைத்தவனை வாசற்படியில் நிறுத்தி, வெளியேயும் போகாதே உள்ளேயும் வராதே என்று சொல்வதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட பெரிய திருடர்களுக்காக வைத்த சட்டம் அது. பெரிய திருடர்கள் அதில் மாட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

அண்ணாச்சியின் கடைசி நாளில், மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வடையும் காபியும் வரவழைத்து, மாலை வாங்கி வைத்திருந்தோம். அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். மீசைக்கு மை போட்டிருந்தார். அதைக் கேலி செய்துகொண்டிருக்கும்போதுதான் அதிகாரியின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனவர் திரும்பி வந்தபோது கையில் காகிதம் இருந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனார்கள். பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்கு மாலை போட்டால் நாளைக்கு நமக்கும் மெமோ வரும் என்ற பயம். மாலை, பூக்கடைக்காரர் கொடுத்த பாலித்தீன் பைக்குள்ளேயே கிடந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வடை ஆறுகிறது, எடுத்துத் தின்னு பிள்ள என்றார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இந்த வரியை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது. ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

விசாரணை நடந்தது. சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியைக் கழுவ உத்தரவிடப்பட்டதா? ஆமாம். கழுவினாரா? இல்லை, ஏனென்றால் என்று நான் தொடங்கி, வால்வை அடைத்ததிலிருந்து பச்சைக் குடம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபிறகு பேனாவைத் திறந்து, 'கழுவவில்லை என்று சாட்சி உறுதிப்படுத்துகிறார்' என்று எழுதினார். மற்றதையும் எழுதுங்கள் என்றேன். மற்றதெல்லாம் குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்றார். குடிநீருக்காக நடக்கிற ஓர் அலுவலகத்தில், ஒரு குடம் தண்ணீர் சம்பந்தமில்லாத விஷயமாகிவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்தேன். அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. சாட்சி ஒத்துழைக்க மறுத்தார் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வருஷங்கள் ஓடின. விசாரணை அறிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்தது. பணியிடை நீக்கத்தில் இருப்பவர் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. மகளுக்குக் கோயம்புத்தூரில் குழந்தை பிறந்தபோது, பேரப்பிள்ளையைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அனுமதி வருவதற்குள் அந்தப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டது. இதற்கிடையில் அந்த அதிகாரி பதவி உயர்வு பெற்று மாற்றலாகிப் போய், பெரிய விழா எடுத்து ஓய்வும் பெற்றுவிட்டார். அண்ணாச்சியை அவ்வப்போது வீட்டில் போய்ப் பார்ப்பேன். மீசை நரைத்துவிட்டது. மை போடுவதை விட்டுவிட்டார். ஒருநாள், இப்போது ஆற்றில் வண்டி கழுவுகிறவர்களைக் கண்டால் தனக்கே கோபம் வருகிறது, போய்ச் சத்தம் போடுகிறேன் என்றார். நான் பழைய சண்டையை நினைவுபடுத்தினேன். பெரிய வழக்கில் ஜெயித்துவிட்டாய் போ என்றார்.

விசாரணை முடிவதற்குள் அவர் இறந்துபோனார். நான் போனபோது அவருடைய மகன் சுவரொட்டி அடிக்க வாசகம் எழுதிக்கொண்டிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யத்தே, 'ஓய்வு பெற்ற அரசு ஓட்டுநர்'னு போடலாமா?" என்று கேட்டான். சட்டப்படி அவர் ஓய்வு பெற்றவர் இல்லை. செத்துக் கிடக்கும்போதும் பணியில் வைத்துக்கொள்ளப்பட்டவர். எனக்கு வந்த கோபத்தில், பெரிய எழுத்தில் போடு, எவன் வந்து கேட்கிறான் என்று நான் பார்க்கிறேன் என்றேன். அவன் 'ஓய்வு பெற்ற' என்ற இரண்டு வார்த்தையையும் அடித்துவிட்டான்.

"வேண்டாம்த்தே. அம்மைக்கு இனிமேதான் பென்சன் பேப்பர் போவணும். இதயும் ஒரு குத்தம்னு எழுதிருவாவ."

ஊர் முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டியில், ஓய்வு வயதைத் தாண்டிய ஒரு மனிதர் 'அரசு ஓட்டுநர்' என்று இருந்தார். கொஞ்ச நாள் கழித்து உத்தரவு வந்தது. ஊழியர் இறந்துவிட்டபடியால் குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன. தவறு செய்யவில்லை என்று அல்ல, செத்துவிட்டார் என்பதால். அதை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள்.

இப்போது புறவழிச்சாலையில் ஒரு கார் சுத்தம் செய்கிற கடை வந்திருக்கிறது. கண்ணாடி அறை, ஏசி, உட்காரச் சோபா. வாசலில் பெரிய பலகை: ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உங்கள் கார் பளபளக்கும், தண்ணீரைச் சேமிப்போம், வருங்காலத்தைக் காப்போம். திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்து, இதுவல்லவோ சேவை என்று பேசினார்களாம். என் காருக்குத் தெளிக்கிற திரவத்தை நான் அங்கேதான் வாங்குகிறேன். வாங்கும்போதெல்லாம் பலகையைப் பார்த்து வயிறு எரிகிறது. கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிழைப்புக்குச் செய்கிறார், நன்றாகவும் செய்கிறார். தண்ணீரை ஊற்றாமல் விட்டதற்கு ஒருவருக்கு மாலை, இன்னொருவருக்கு மெமோ என்றால் எப்படிப் பொறுப்பது?

என் கடைசி நாளும் வந்தது. காகிதம் ஒன்றும் வரவில்லை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். இப்போதைய அதிகாரி சின்ன வயசு, நல்ல பிள்ளை. கேக் வெட்டி முடிந்ததும் நான் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அலுவலகத்தின் பின்பக்கம் போனேன். அங்கே புங்கமரத்தடியில் அந்தக் கறுப்புக் கார் நிற்கிறது. நிற்கிறது என்பதும் தப்பு. காற்றுப்போன நாலு சக்கரத்தோடு மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. கழிக்கப்பட்ட வண்டி, ஏலத்துக்குக் காத்திருக்கிறது என்று பல வருஷமாகச் சொல்லுகிறார்கள். கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. பின்கண்ணாடி உடைந்து உள்ளே நாய் குட்டி போட்டிருக்கிறது. மேலெல்லாம் எச்சமும் பூவும் புழுதியும். ஒரு மனிதனை வெளியேயும் விடாமல் உள்ளேயும் விடாமல் வாசற்படியில் நிறுத்தினார்களே, இந்தக் கார்மேல் விழுந்த ஒரு கீறலுக்காகத்தான் நிறுத்தினார்கள்.

பொன்னாடையை எடுத்தேன். எனக்கு முறை தெரியும். ஊறவைக்க வேண்டும், தெளிக்க வேண்டும், நேராக இழுக்க வேண்டும். ஒன்றையும் செய்யவில்லை. காய்ந்த பொன்னாடையைச் சுருட்டி, பானெட்டில் வைத்து அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். நறநறவென்று சத்தம் கேட்டது. புழுதி விலகிய இடத்தில் அவருடைய பழைய வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. அதன் மேலேயே என் வட்டங்களையும் போட்டேன். காவலாளி ஓடிவந்து, என்னம்மா செய்யுதிய என்று கேட்டார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்துகிறேன், போய் உங்கள் அதிகாரியிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே போய்ச் சொன்னார். மேல்மாடி ஜன்னலில் அந்த நல்ல பிள்ளையும் இன்னும் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கையை நிறுத்தவில்லை. அவர்கள் ஏதோ பேசிக்கொண்டு, உருக்கமாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பழைய வண்டிமேல் மேடத்துக்கு எவ்வளவு பாசம் என்று சொன்னார்களாம், பிறகு தெரிந்தது.

ஒரு மாதம் ஆகப்போகிறது. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். மெமோ ஒன்றும் வரவில்லை, விளக்கம் கேட்டு யாரும் எழுதவில்லை. அதனால்தான் அந்தப் பொன்னாடையை அழுக்கோடு மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது விசாரணை என்று கூப்பிட்டால், சாட்சிப் பொருள் வேண்டாமா?